கொட்டாவிக்குத் திறந்த வாய்

லிஃப்ட் கம்பெனியில் அவருக்குப் பூட்டு என்றுதான் பெயர். கதவுப் பூட்டைச் சரிசெய்வதில் கெட்டிக்காரர் என்பதால் வந்த பெயர் இல்லை அது. கோபம் வந்தால் வாயைப் பூட்டிக்கொள்வார், அதனால் வந்தது. ஒருமுறை மேலதிகாரி நாலு பேர் முன்னால் ஏதோ சொல்லிவிட்டார் என்று அந்த மனிதரோடு ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசாமலே வேலை பார்த்தார். அவர் என்ன கேட்டாலும் ஸ்பேனரால் இரும்பைத் தட்டித்தான் பதில். ஒரு தட்டு என்றால் ஆகும், இரண்டு தட்டு என்றால் ஆகாது. கடைசியில் மேலதிகாரியே வந்து தோளில் கை போட்டு, "போதும்யா, காது வலிக்குது" என்று சொன்ன பிறகுதான் பூட்டு திறந்தது.

வீட்டிலும் இதே கதைதான். கல்யாணமான புதிதில் அவர் மனைவி அதற்கு அழுதாள். பிறகு கெஞ்சிப் பார்த்தாள். அப்புறம் பழகிப்போயிற்று. அவளுக்கோ நாள் முழுக்கப் பேசியாக வேண்டிய வேலை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் கற்றுக்கொடுப்பவள் அவள். ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக் இருந்தால் அவள் காலடியில் இன்னொன்று இருக்கும். "கிளட்ச், கிளட்ச், மெதுவா, மெதுவான்னு சொன்னேன்ல, கண்ணாடியைப் பாருங்க, என்னைப் பார்க்காதீங்க" என்று காலையிலிருந்து தொண்டை வறளக் கத்திவிட்டு வீடு திரும்பினால், பேசாத புருஷன் கூட ஒரு வகையில் நல்லதுதான் என்று தோன்றும். தோழிகளிடம் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு ஒருமுறை லேசாகப் பக்கவாதம் வந்து போனது. ஒரு காலை சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் விரல்கள் நழுவின. வாய் ஒரு பக்கம் கோணியது. மூளையில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது என்றார்கள். மாத்திரையும் பயிற்சியுமாகச் சில வாரத்தில் எழுந்துவிட்டார். கோணல் நேரானது, பேச்சில் பிசிறு இல்லை. வலது கையில் மட்டும் பிடிமானம் கொஞ்சம் குறைந்தது. இனி லிஃப்ட் குழிக்குள் இறங்குவதோ உச்சியில் ஏறுவதோ கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னதால், கம்பெனியில் அவருக்குப் பட்டறையில் ஒரு நாற்காலி போட்டு, கழற்றி வந்த மின்பலகைகளைச் சரிபார்க்கிற வேலையைக் கொடுத்தார்கள். அவரும் தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டல் பொய் என்று அவளுக்குத் தெரிந்தது காரில் வைத்துத்தான். அன்றைக்குக் கற்றுக்கொள்ள வந்த பெண், சிக்னலில் நின்றபோது, "உங்க வீட்டுக்காரர் தங்கமான மனுஷர் மேடம். நேத்து எங்க லிஃப்ட் பாதியிலே நின்னுபோச்சு. இந்த வயசிலே அவரே குழிக்குள்ள இறங்கிச் சரிபண்ணிக் கொடுத்தாரு" என்றாள். பச்சை விழுந்ததும் அந்தப் பெண் காரை நகர்த்தப் பார்க்க, கார் நகரவில்லை. மேடத்தின் கால் பிரேக்கிலேயே அழுந்திக் கிடந்தது.

சாயங்காலம் வீட்டில் ஒரு பாட்டம் சண்டை நடந்தது.

"உயிர் மேல ஆசை இல்லைன்னா நேரா சொல்லிடுங்க. தெரியாத்தனமா நானும் மாத்திரை மாத்திரையா எடுத்து வெச்சிட்டிருக்கேன்."

"அங்க ஒரு கிழவர் மாடி ஏற முடியாம உட்கார்ந்திருந்தார். புதுப் பையனுங்களுக்கு அந்த மாடல் பிடிபடாது."

"ஊர்ல இருக்கிற கிழவருக்கெல்லாம் நீங்கதான் காவலா? உங்களுக்கு ஏதாவது ஆனா உங்களை யார் தூக்குவாங்க?"

அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "என் வேலை எனக்குத் தெரியும். இனிமே உன்கிட்ட ஒரு வார்த்தை பேசினா என்னை ஏன்னு கேளு."

"பேசாதீங்க. என் காதாவது நிம்மதியா இருக்கும்."

கணவன் மனைவிக்குள் நடக்காத பேச்சு ஒன்றுமில்லை இதில். அவளும் கதவை ஓங்கிச் சாத்தினாள், அவரும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

மறுநாள் காலை அவள் ஸ்டவ் முன்னால் நின்றிருந்தபோது அவர் பின்னால் வந்து நின்றார். அவள் திரும்பவில்லை. அவர் அவள் புடவைத் தோளைப் பிடித்து இழுத்தார். "டீ மேசை மேல இருக்கு" என்றாள், பாலைப் பார்த்துக்கொண்டே. மறுபடியும் இழுத்தார். தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம், கனைப்பது போல. அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "பேச மாட்டேன்னு சொன்னவருக்கு இப்ப என்ன வேணும்? பேசறதா இருந்தா வாயைத் திறந்து பேசுங்க. இல்லேன்னா விடுங்க, எனக்கு வகுப்பு இருக்கு." கையை உதறிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, செருப்பைக்கூடப் படியிறங்கிக்கொண்டே மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவர் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

பகலில் இரண்டு முறை அவரிடமிருந்து போன் வந்தது. எடுத்தால் மூச்சுச் சத்தம் மட்டும்தான். "சின்னப்பிள்ளை மாதிரி பண்ணாதீங்க" என்று வைத்துவிட்டாள். மூன்றாவது முறை எடுக்கவில்லை. அப்போது காரில் இருந்தவர் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்.

மாலையில் வந்து பார்த்தபோது அவர் சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டையின் முன்பக்கம் கழுத்திலிருந்து வயிறு வரை நனைந்திருந்தது. மேசையில் டீ கொட்டிக் காய்ந்திருந்தது. பக்கத்தில் பாதி வாழைப்பழம். மீதிப் பாதி அவர் வாயில்தான் இருந்தது. உதடு லேசாகப் பிரிந்து, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு விரல்கடை இடைவெளியோடு, மெல்லப்படாத பழம் கன்னத்துக்குள் அப்படியே அடைந்து கிடந்தது.

"என்ன கோலம் இது?" என்றாள். அவர் அவளைப் பார்த்தார். அப்போதுதான் அது நடந்தது. அவர் வாய் மெல்ல விரிந்து, இன்னும் விரிந்து, கடைவாய்ப் பல் தெரிகிற அளவுக்கு அகலத் திறந்தது. நீளமான, நிதானமான ஒரு கொட்டாவி. பழம் நழுவி மடியில் விழுந்தது.

அவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "கொட்டாவி விட மட்டும் வாய் நல்லாத் திறக்குது! எனக்குப் பதில் சொல்லத்தான் திறக்க மாட்டேங்குதா?"

அவர் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். கையைத் தூக்கித் தாடையைப் பிடித்து, கீழே இழுத்துக் காட்டினார். விட்டதும் அது பழைய இடத்துக்கே போய் நின்றது. திரும்ப இழுத்தார். திரும்ப அங்கேயே போனது. உதட்டோரத்திலிருந்து எச்சில் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது, அதைத் துடைத்துக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அவள் பையைக் கீழே போட்டுவிட்டு அவர் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

*

ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. சத்தம் போட்டுப் பேசாதவர். ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, அவர் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"வாயைத் திறங்க பார்க்கலாம்."

அவர் கண்ணை அகல விழித்தார், கழுத்து நரம்பு புடைத்தது. வாய் அசையவில்லை.

"நாக்கை நீட்டுங்க. சரி, பரவாயில்லை. எதையாவது மெல்ற மாதிரி பண்ணுங்க. சரி, விடுங்க."

டாக்டர் தன் ஆள்காட்டி விரலை அவர் மோவாய் மேல் வைத்து, அந்த விரலைச் சின்ன ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டினார். படக்கென்று தாடை மேலே துள்ளி, பல்லும் பல்லும் மோதிச் சத்தம் கேட்டது. மனைவி பதறி முன்னால் வந்தாள்.

"அசையுதே டாக்டர்! அவரால முடியுது!"

"அவர் அசைக்கலைம்மா. அது தானா அசையுது. எல்லாருக்கும் இது கொஞ்சம் இருக்கும், வெளியே தெரியாது. மேல இருந்து மூளை அதைப் பிடிச்சு வெச்சிருக்கும். பிடி விட்டுப்போனா இப்படித் துள்ளும்." டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "நீங்க லிஃப்ட் மெக்கானிக்காமே. உங்களுக்குச் சுலபமாப் புரியும். மேல மிஷின் ரூம்ல மோட்டார் நல்லாயிருக்கு. கயிறு நல்லாயிருக்கு. பெட்டியும் நல்லாயிருக்கு. ஆனா உள்ளே நிக்கிறவர் எந்தப் பட்டனை அமுக்கினாலும் மோட்டாருக்குச் சேதி போகலைன்னா?"

அவர் இரண்டு விரலைக் கத்திரி மாதிரி வெட்டிக் காட்டினார். ஒயர் அறுந்திருக்கிறது.

"அதேதான். தாடைக்கும் நாக்குக்கும் ரெண்டு பக்க மூளையிலிருந்தும் ஒயர் வருது. ஒண்ணு அறுந்தாலும் இன்னொண்ணு பார்த்துக்கும். அதனாலதான் போன தடவை தப்பிச்சீங்க. இந்தத் தடவை மறுபக்கம் போயிடுச்சு."

"அப்ப கொட்டாவி?" என்றாள் மனைவி.

"அதுக்கு நம்ம உத்தரவு தேவையில்லை. கொட்டாவி, சிரிப்பு, அழுகை எல்லாம் வேற வழியா வருது. மெல்றதுகூடப் பாதி அப்படித்தான். சாப்பிடும்போது ஒவ்வொரு தடவையும் இப்ப கடி, இப்ப விடுன்னு நாம சொல்றதில்லையே. ஆரம்பிச்சு வெச்சாப் போதும், கழுத்துக்கு மேல மூளைத்தண்டுன்னு ஒண்ணு இருக்கு, அது தாளம் போட்டுக்கும். நடுவுல கல்லு கடிபட்டா, நமக்குத் தெரியறதுக்கு முன்னாடியே தாடை திறந்துக்கும். அதெல்லாம் இவருக்கு அப்படியே இருக்கு. ஆரம்பிச்சு வைக்கத்தான் ஆள் இல்லை."

அவர் இதைக் கேட்டு மெல்லச் சிரித்தார். சிரிப்பில் வாய் நன்றாகவே திறந்தது. திறந்த வாயைத் தன் கையாலேயே தொட்டுப் பார்த்தார், ஏதோ வேறொருவர் வாயைத் தொடுவது போல. சிரிப்பு அடங்கியதும் வாய் பழையபடி நின்றுவிட்டது.

வராந்தாவில் டாக்டரைத் தனியாகப் பிடித்து அவள் கேட்டாள். "காலையிலேயே கூட்டிட்டு வந்திருந்தா?"

டாக்டர் அவளை அங்கிருந்த பெஞ்சில் உட்காரவைத்தார். "மருந்து கொடுத்துப் பார்த்திருப்போம். பலன் கிடைச்சிருக்கும்னும் சொல்ல முடியாது, கிடைச்சிருக்காதுன்னும் சொல்ல முடியாது."

இரண்டில் ஒன்றைச் சொல்லியிருக்கலாம். எது என்றாலும் தலையில் அடித்துக்கொண்டு அழுதுவிட்டு எழுந்திருப்பாள். இரண்டும் இல்லாமல் அந்தரத்தில் விட்டுவிட்டார். அந்தக் கேள்வியோடு அவள் வீட்டுக்கு வந்தாள்.

*

மூக்கு வழியாக ஒரு குழாய். அதன் வழியே கஞ்சியும் பாலும் மாத்திரைத் தூளும். பேச்சுப் பயிற்சி தருகிற பெண் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்தாள். மெல்லிய துணியில் சுற்றிய ஒரு மிட்டாய்த் துண்டைக் கடைவாய்ப் பல்லுக்கு நடுவே வைத்தால் சில சமயம் தாடை தானாக மெல்ல ஆரம்பிக்கும், பாருங்கள் என்று அந்தப் பெண்ணே ஒன்றை வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. பிறகு திடீரென்று தாடை அசைய ஆரம்பித்தது. ஒரே சீராக, நிதானமாக, பசுமாடு அசைபோடுவது போல. மனைவி கை தட்டாத குறைதான். மிட்டாயை எடுத்த பிறகும் வெறும் வாய் மென்றுகொண்டே இருந்தது. அவர் முகத்தில் ஒரு கூச்சம். நிறுத்த அவரால் முடியவில்லை. அவளும் அந்தப் பெண்ணும் ஜன்னலைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டார்கள்.

"ஒரு விஷயம் நல்லா ஞாபகம் வெச்சுக்கங்க," என்று போகும்போது அந்தப் பெண் எச்சரித்தாள். "பல்லுல எது பட்டாலும் தாடை இறுகிக்கும். இறுகினா இழுக்காதீங்க. இழுக்க இழுக்க இன்னும் கடிக்கும்."

கொட்டாவிதான் அவர்களுக்குக் கிடைத்த ஒரே சாவி. வாய் அப்போதுதான் அகலத் திறக்கும், பல் தேய்க்கவும் நாக்கை வழிக்கவும் அப்போதுதான் தோது. அது எப்போது வரும் என்று காத்திருப்பதற்குப் பதில், அவள் எதிரே உட்கார்ந்து தானே ஒரு பொய்க் கொட்டாவி விடுவாள். சில நிமிஷத்தில் அவருக்கும் ஒட்டிக்கொள்ளும். அவருடையது நிஜமாக வரும்போது அவளுக்கும் நிஜமாகவே வந்துவிடும். பட்டப்பகலில் இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஆவென்று வாயைப் பிளந்துகொண்டிருப்பதை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று அவளுக்குச் சிரிப்பு வரும். அந்தப் பழக்கம் காரிலும் தொற்றிக்கொண்டது. வகுப்பு நடுவே அவள் கொட்டாவி விட, ஓட்டிக்கொண்டிருந்த பெரியவரும் விட, கார் நடைபாதையில் ஏறிவிட்டது. நல்லவேளை, இரண்டாவது பிரேக் இருந்தது.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் நாத்தனார் வந்து சேர்ந்தார். கணவரின் மூத்த அக்கா, அவரைத் தாய் மாதிரி வளர்த்தவர். வந்த அன்றே தம்பியின் எலும்பு தெரிகிற தோளைத் தடவிப் பார்த்துக் கண்கலங்கினார். மறுநாள் தம்பி கொட்டாவி விடுவதையும் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, வாய் திறக்குதே."

"அது தானா வர்றது அண்ணி. அவர் நினைச்சா வராது. டாக்டர் சொன்னாங்க."

"டாக்டருக்கு இவனைப் பத்தி என்ன தெரியும்? எனக்குத் தெரியும். அஞ்சு வயசுல பொம்மை வாங்கித் தரலைன்னு ரெண்டு நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பட்டினி கிடந்தவன். டேய் தம்பி, அக்காகிட்டயே உன் வேலையைக் காட்டறியா?"

அவர் இல்லை என்று தலையாட்டினார். எழுதிக் காட்டவென்று வைத்திருந்த வெள்ளைப் பலகையை எடுத்து, பிடிமானம் குறைந்த கையால் கோணலாக, முடியல என்று எழுதிக் காட்டினார். அக்கா அதை வாங்கிக் கீழே வைத்தார். "எழுத முடியுது, பேச முடியலையாக்கும்."

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதுதான் பின்னால் அவளை அரித்தது. நாத்தனார் பேச்சைக் கேட்டபோது மனதின் ஒரு மூலையில், ஒருவேளை அப்படியும் இருக்குமோ, இத்தனை நாளும் வீம்புக்காகத்தானோ, ஒருநாள் போதும் என்று தோன்றி வாயைத் திறந்துவிடுவாரோ என்று ஓர் ஆசை தலைநீட்டியது. வீம்பு என்றால் அதற்கு ஒரு முடிவு இருக்கிறது. மன்னிப்புக் கேட்டுக் காலில் விழுந்தால் தீர்ந்துவிடும். மூளையில் அறுந்ததற்கு யார் காலில் விழுவது?

அதனால், "நான் ஒரு தடவை ஊட்டிப் பார்க்கறேன், நீ சும்மா இரு" என்று நாத்தனார் கிண்ணத்தோடு உட்கார்ந்தபோது, வேண்டாம் என்று ஒருமுறை சொன்னாள். இரண்டாவது முறை சொல்லவில்லை.

நாத்தனார் கதை சொல்வதில் கில்லாடி. அவர்கள் சின்ன வயதில், வீட்டுக்கு வந்த ஒரு மாமா, இருட்டில் தண்ணீர்ச் சொம்பு என்று நினைத்து மீன் வளர்த்த ஜாடியைத் தூக்கிக் குடித்ததை நடித்துக் காட்டினார். மாமா மாதிரியே கண்ணை உருட்டி, "என்னடா, தண்ணி தொண்டையிலே நீந்துது!" என்றார். தம்பிக்குச் சிரிப்பு பீறிட்டது. ஒருமுறை ஆரம்பித்தால் அதையும் இப்போது அவரால் நிறுத்த முடியாது. தலையைப் பின்னால் சாய்த்து, வாய் முழுக்கத் திறந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த நொடிக்குத்தான் காத்திருந்தது போல நாத்தனார் ஒரு கரண்டிக் கஞ்சியை உள்ளே தள்ளினார்.

சிரிப்பதற்கு மூச்சை இழுத்த நேரம். கஞ்சியும் அதோடு போனது. முகம் சிவந்து, பிறகு நீலமாகி, நாற்காலியோடு சரிந்தார். தாடை கரண்டியைக் கவ்விக்கொண்டது. நாத்தனார் இழுத்தார், இழுக்க இழுக்கப் பல் இறுகியது. "விடுடா, விடுடா தம்பி!" என்று அலறினார். அவள்தான் நாத்தனாரைத் தள்ளிவிட்டு, அவரைக் குப்புறச் சாய்த்து முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தாள். இருமலில் எப்போதோ கரண்டி தரையில் விழுந்தது.

நுரையீரலில் சளி கட்டி, காய்ச்சல் கண்டு, மறுபடியும் ஆஸ்பத்திரி. பிழைத்தார். வயிற்றில் துளை போட்டு நேராக இரைப்பைக்கே குழாய் வைத்து அனுப்பினார்கள். இனி வாய் வழியாக ஒன்றும் கூடாது, தண்ணீர்கூட. நாத்தனார் ஊருக்குக் கிளம்பும்போது தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர்தான் அக்காவின் முதுகைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவைத்தார்.

*

சாப்பிடாத வாயையும் சுத்தம் செய்தாக வேண்டும். விட்டால் புண் வந்துவிடும். ஒரு விடுமுறை நாள் மத்தியானம், அவர் கொட்டாவி விட்டு முடிக்கும் நேரம், கன்னத்தின் உள்ளே கெட்டிச் சளி ஒன்று ஒட்டியிருப்பது அவள் கண்ணில் பட்டது. குச்சியால் வரவில்லை. அவசரத்தில் விரலில் துணியைச் சுற்றி உள்ளே விட்டாள். கொட்டாவி அதற்குள் முடிந்துவிட்டது. விரலின் முதுகு கடைவாய்ப் பல்லில் உரசியது.

தாடை இறுகியது.

அவளுக்கு முதலில் வலிகூடத் தெரியவில்லை, அதிர்ச்சிதான். அப்புறம் வலி தோள் வரை ஏறியது. கை தானாகவே பின்னால் இழுத்தது. பல் இன்னும் இறங்கியது. இழுக்கக் கூடாது, இழுக்கக் கூடாது என்று தனக்கே சொல்லிக்கொண்டு, இன்னொரு கையால் தன் மணிக்கட்டையே பிடித்து நிறுத்தினாள். துணியில் ரத்தம் கசிந்தது.

அவர் கண்கள் அவளை விட்டு அகலவில்லை. அப்படி ஒரு கண்ணை அவள் பார்த்ததே இல்லை. எரிகிற வீட்டின் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்ப்பது போல இருந்தது. முஷ்டியை மடக்கித் தன் மோவாயிலேயே குத்தினார். குத்திய அதிர்வில் தாடை இன்னும் கொஞ்சம் இறுக, அவள் அலறிவிட்டாள். அவர் கையைக் கீழே போட்டுவிட்டார். அதற்கு மேல் அவருக்குச் செய்ய ஒன்றும் இல்லை. அவளுக்கும் இல்லை.

"வேணாம், அடிச்சுக்காதீங்க," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "நீங்க கடிக்கலை. எனக்குத் தெரியும். நீங்க இல்லை இது. சும்மா இருங்க. தானா விடும்."

தானாக விடவில்லை. தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவில்லை. கொட்டாவி விட்டுப் பார்க்கலாமா என்று வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. மனைவியின் விரலை வாயில் வைத்துக்கொண்டு ஒருவர், விரலைக் கொடுத்துவிட்டு ஒருத்தி, முகத்துக்கு முகம் ஒரு சாண் தூரத்தில். இத்தனை நாளில் அவ்வளவு பக்கத்தில் அவள் அவரைப் பார்க்கவே இல்லை. இதுவரை குழாயைத்தான் பார்த்திருந்தாள், சட்டையைப் பார்த்திருந்தாள், வாயைப் பார்த்திருந்தாள்.

"அன்னிக்குக் காலையிலே," என்று ஆரம்பித்தாள். "நீங்க என் தோளைப் புடிச்சு இழுத்தீங்க. நான் திரும்பலை. திரும்பியிருந்தா முகத்தைப் பார்த்திருப்பேன். போன் பண்ணீங்க, வெச்சுட்டேன். பகல் முழுக்க இங்க தனியா உட்கார்ந்து அந்தப் பழத்தை வெச்சுக்கிட்டு... எனக்குத் தெரியலைங்க. நீங்க கோவத்துல இருக்கீங்கன்னு நினைச்சேன். உங்களைத் தெரியும்னு நினைச்சேன்."

அவர் முகம் கோணியது. மூக்கு விடைத்தது. அடிவயிற்றிலிருந்து ஒரு கேவல் கிளம்பி, மேலே வந்து, வாய் குழந்தையின் வாய் போலச் சதுரமாகப் பிளந்துகொண்டது. ஆவென்று பெரிதாக அழுதார். விரல் விடுபட்டது.

அவள் விரலைப் பார்க்கவில்லை. அவர் தலையைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அழுகையும் அவரிடம் ஒருமுறை தொடங்கினால் நிற்காது. எவ்வளவு துக்கத்துக்கு, எவ்வளவு வெறும் நரம்புக்கு என்று பிரித்துச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. அவள் சொன்னதை அவர் மன்னித்தாரா, அன்றைக்கே மன்னித்திருந்தாரா, அதுவும் தெரியவில்லை. அழுகை ஓய்ந்த பிறகு அவர் பலகையைக் கேட்டு வாங்கினார். வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, கட்டு போடு என்று மட்டும் எழுதினார்.

*

பேச்சு திரும்பவில்லை. டாக்டர் ஒவ்வொரு முறையும் மோவாயில் தட்டிப் பார்க்கிறார், தாடை ஒவ்வொரு முறையும் துள்ளுகிறது. கம்பெனியிலிருந்து மின்பலகைகளை வீட்டுக்கே அனுப்புகிறார்கள், உட்கார்ந்து சரிபார்க்கிறார். அவள் விரல் ஆறிவிட்டது, நகம் மட்டும் கோணலாக முளைத்திருக்கிறது.

அவருக்கு முன்னால் சாப்பிடுவதை அவள் எப்போதோ நிறுத்திவிட்டாள். அவருக்குக் குழாயில் ஊற்றி முடித்ததும் சமையலறைக்குப் போய், கதவை ஒருக்களித்துவிட்டு, நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு வாயைக் கழுவிவிடுவாள். மெல்லும் சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று குழாய்த் தண்ணீரைத் திறந்துவிடுவாள்.

ஒருநாள் அப்படி நிற்கும்போது கதவு திறந்தது. அவர் தட்டை அவள் கையிலிருந்து வாங்கினார். ஓடுகிற தண்ணீரை நிறுத்தினார். தட்டை மேசையில் கொண்டுபோய் வைத்து, அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, எதிர் நாற்காலியில் தான் உட்கார்ந்தார். சாப்பிடு என்று கையால் காட்டினார்.

"அப்புறம் சாப்பிடறேங்க."

மறுபடியும் காட்டினார். முகத்தில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. துண்டால் உதட்டோரத்தைத் துடைத்துக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

அவள் ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்தாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பல் எப்படி இறங்குகிறது, நாக்கு எங்கே தள்ளுகிறது, எப்போது விடுகிறது என்று வாழ்நாளில் முதல்முறையாக அவள் மனம் ஒவ்வொன்றாகக் கவனிக்க ஆரம்பித்தது. கவனிக்கக் கவனிக்கத் தாளம் தப்பியது. மெல்லுவது எப்படி என்றே மறந்துபோனது போல் இருந்தது. கன்னத்தைக் கடித்துக்கொண்டாள். ரொட்டி உருண்டு, வாய்க்குள்ளேயே நின்றது. கீழே இறக்கவும் முடியவில்லை, அவர் எதிரில் துப்பவும் முடியவில்லை.

அவர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.